‘கடல்’ என்று எழுதிய மூடி

கலியாணம் கட்டி மூன்று வருசம். எங்கள் வீட்டுச் சுவரில் என் படம் நாலு தொங்குது. ஒன்றிலும் எனக்கு முகம் இல்லை.

ஒன்றில் தலை இருக்க வேண்டிய இடத்தில் பனைமரம். இன்னொன்றில் நான் இரண்டு பேர், மூக்கு மட்டும் ஒன்று. என் மனுசன் அன்ரனிதாஸ் வள்ளத்து இஞ்சின் திருத்திறவர். பிரான்சில் இருக்கிற தமையன் பழைய பிலிம் கமரா ஒன்று அனுப்பிய நாள் தொடக்கம் கலைஞர். எடுத்த பிலிமிலேயே திரும்பவும் எடுப்பார். ஒன்றுக்கு மேல் ஒன்று விழுந்தால்தானாம் படம்.

எனக்கு விளங்கவில்லை என்றால் மாமி விடமாட்டா.

“உனக்கு எங்க பிள்ளை கலை விளங்கப்போகுது. என்ர மகன்ர கை தெய்வக் கை.”

மகளுக்கு முதலாம் பிறந்தநாள் வந்தது. நானும் அவளும் இருக்கிற படத்தை நடுச்சுவரில் கொழுவ எனக்கு ஆசை. ஒரு மாதத்துக்கு முன்னமே கேட்டேன்.

“இஞ்சேருங்கோ, இந்த ஒரு படத்தில முகம் தெரியட்டும்.”

“முகம் போனிலயும் தெரியும். முப்பத்தாறு படம் கடலை எடுத்து, றோலைத் திருப்பிச் சுத்தி வைச்சிருக்கிறன். அதுக்கு மேலதான் உம்மை எடுக்கப்போறன். உம்மட கன்னத்தில அலை அடிக்கும்.”

“பிள்ளையின்ர கன்னத்திலயுமோ?”

“பிள்ளையின்ர மண்டையில வள்ளம் வரும். இருந்து பாரும்.”

நான் கனக்கக் கதைக்கிற ஆள் இல்லை. தலையாட்டிவிட்டுக் குசினிக்குப் போனேன்.

சூட்டில் பழுதாகும் என்று றோல்களை அவர் ஃபிரிட்ஜில், மீனுக்குப் பக்கத்தில் வைக்கிறவர். சின்னக் கறுத்தப் பேணி இரண்டு. ஒன்றின் மூடியில் ‘கடல்’ என்று எழுதி ஒட்டியிருந்தது. மற்றது புது றோல். உள்ளே இரண்டும் அச்சொட்டாய் ஒன்றுதான், பிலிமின் வால்கூட ஒரே அளவு. நான் எட்டாம் வகுப்போடு நின்றனான். கமரா தெரியாது. மூடி தெரியும். உப்புப் போத்தல் மூடி சீனிப் போத்தலுக்குப் போனால் என்ன நடக்கும் என்று தெரியும்.

மாற்றி மூடிவிட்டேன்.

அடுத்த நாள் அவர் ‘கடல்’ மூடி போட்ட பேணியைத் திறந்து றோலைக் கமராவில் போட்டார். நான் பிள்ளையோடு கதிரையில் இருந்தேன்.

“அங்கால அரக்கி இரும். அதில வள்ளம் நிக்குது.”

அரக்கி இருந்தேன். இல்லாத வள்ளத்துக்கு இடம் விட்டேன்.

யாழ்ப்பாணத்து ஸ்ரூடியோ, கொழும்புக்கு அனுப்பிக் கழுவி எடுத்துத் தந்தது. அவர் படத்தை முன்னும் பின்னும் திருப்பினார்.

“கடல் எங்கயப்பா?”

“நான் என்னத்தைக் கண்டன். நீங்கள்தானே எடுத்தனீங்கள்.”

வேறு படம் இல்லை. அதுதான் சுவரில் ஏறியது. பிறந்தநாளுக்கு வந்த எல்லாரும் அதற்கு முன்னால் நின்றார்கள். பிள்ளையின் இரண்டு பல்லும் எண்ணலாம். பக்கத்து வீட்டுக் கிறிஸ்தோப்பர் அண்ணை, “தாஸ், நீ எடுத்ததில இதுதான் படம்” என்றார்.

இவர் தொண்டையைச் செருமினார். “ஓம் அண்ணை. கடலை வேணுமெண்டுதான் விட்டனான்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை, பெருமைதான் வந்தது. நான் இவ்வளவு வடிவு என்று எனக்கே தெரியாது. மனுசனின் கை உண்மையிலேயே நல்ல கை.

மாமி படத்துக்குக் கிட்ட வந்து பார்த்தா. “தம்பி, எனக்கும் இப்பிடித் துலக்கமா ஒண்டு எடு. நாளைக்குச் செத்தவீட்டுக்கும் உதவும்.”

இவர் ஃபிரிட்ஜைத் திறந்து, மிச்சமிருந்த ‘புது’ றோலை எடுத்தார். நான் வாயைத் திறந்தேன்.

“நீ கலையைப் பற்றி ஒண்டும் சொல்லாத பிள்ளை” என்றா மாமி.

மூடிவிட்டேன். மாமி நல்ல சீலை உடுத்து, நிமிர்ந்து கதிரையில் இருந்தா, முப்பத்தாறு கடலுக்கு அடியில்.