எந்தக் கொள்ளாம்?

சொந்த மைனியின் வேலையில் மண் அள்ளிப் போட்டவள் நான். பொறாமையில் செய்திருந்தால் ஊர் மன்னித்திருக்கும். அண்ணன் பெண்டாட்டிக்கு நாத்தனார் செய்கிற வழக்கமான காரியம்தானே என்று விட்டிருப்பார்கள். நான் ஆராய்ச்சி செய்து கெடுத்தேன். அதற்கு மன்னிப்பே கிடையாது.

எம்.ஏ. முடித்துவிட்டு ஒரு ஆய்வுத் திட்டத்தில் உதவியாளராக இருந்தேன். கல்வியியல், உளவியல், தமிழ் என்று மூன்று துறை சேர்ந்து நடத்திய திட்டம். மூன்று துறை சேர்ந்தால் மூன்று மடங்கு அறிவு வரும் என்று நம்பினேன். (மூன்று பேர் சேர்ந்து ஒரு மீனை வெட்டினால் என்ன ஆகும் என்று கடற்கரைக்காரிக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?)

விஷயம் இதுதான். எங்கள் ஊர் கடியப்பட்டணத்தில் பத்தாம் வகுப்பில் தோற்ற பெண்பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு ஒன்று நடந்தது. செலவு ஓர் அறக்கட்டளையுடையது. அந்த வகுப்பால் பிரயோசனம் உண்டா என்று அம்மாக்களிடம் கேட்டு நாங்கள் அறிக்கை கொடுக்க வேண்டும். அறிக்கையைப் பார்த்துத்தான் அடுத்த வருடம் வகுப்பு உண்டா இல்லையா என்று முடிவு செய்வார்கள். வகுப்பெடுத்த டீச்சர் என் மைனி லில்லி.

ஆய்வு செய்கிற இடத்தில் சொந்தக்காரர் இருக்கக் கூடாது என்று விதி. சொன்னால் என்னைத் தூக்கிவிடுவார்கள். எனவே சொல்லவில்லை.

"மைனி, நான் உங்க நாத்தனாருண்ணு யாருட்டயும் மூச்சு விடாதீங்க."

"நான் என்னத்துக்குச் சொல்லியேன்? உன்னச் சொந்தம்ணு சொன்னா எனக்குல்லா கொறச்சல்."

செல்போனில் பதிவு செய்துகொண்டு வீடு வீடாகப் போனேன். முதல் வீடு ஜெசிந்தாக்கா வீடு. அவர் மகள் மைனியிடம் படித்துத்தான் கணக்கில் தேறினாள். அக்கா முற்றத்தில் சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தார். நான் தாளைப் பார்த்து, "மாலை வகுப்பின் கற்பித்தல் குறித்துத் தங்கள் கருத்து யாது?" என்று வாசித்தேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்னட்டி, பேயறைஞ்ச மாதிரி பேசுத?"

"கிளாஸ் எப்படி இருக்குண்ணு கேக்கேன் அக்கா."

"கொள்ளாம்."

கொள்ளாம் என்றால் எங்கள் ஊரில் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அதற்கு மேல் புகழ்வது எங்களுக்கு வழக்கமில்லை. கல்யாணப் பெண், மீன்கறி, புது வீடு, பெருநாள் பிரசங்கம், எல்லாவற்றுக்கும் அதிகபட்ச மார்க் 'கொள்ளாம்'தான்.

"கொஞ்சம் விரிவா சொல்லுங்க அக்கா."

"கொள்ளாம்ணு சொல்லியாச்சே, பின்ன என்ன? மீன் கெட்டுப் போவும், நீ எந்திரி."

எல்லா வீட்டிலும் இதே கதை. கொள்ளாம், கொள்ளாம், கொள்ளாம். பேசியதை ஓர் எழுத்து மாற்றாமல் தட்டச்சு செய்ய வேண்டும், குரலின் தன்மையையும் குறிக்க வேண்டும் என்று எனக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். நான் ஒழுங்கான மாடு. ஒவ்வொரு கொள்ளாமுக்குப் பக்கத்திலும் 'சலிப்புடன்', 'எரிச்சலுடன்', 'முகத்தைத் திருப்பிக்கொண்டு' என்று சேர்த்தேன். அர்த்தத்தை மட்டும் எழுதவில்லை. கொள்ளாமுக்கு யாராவது அர்த்தம் எழுதுவார்களா? தண்ணீருக்கு அர்த்தம் எழுதுகிறோமா?

அறிக்கை எழுதியவர்கள் மூன்று பேராசிரியர்கள். மூவரும் வெளியூர். உதவியாளரிடம் அறிக்கையைக் காட்டுகிற பழக்கம் அங்கே இல்லை. அது வாசிக்கப்பட்ட நாளில், அறக்கட்டளைக்காரர்கள் முன்வரிசையில் இருக்க, எல்லாரோடும் சேர்ந்துதான் நானும் கேட்டேன். மைனி கடைசி வரிசையில், நல்ல சேலை கட்டி உட்கார்ந்திருந்தாள். பாராட்டுவார்கள் என்று நான்தான் வரச் சொல்லியிருந்தேன்.

தமிழ் ஐயா எழுந்தார். "கொள்ளாம் என்பது எதிர்மறைத் தன்மைப் பன்மை வினைமுற்று. 'நாங்கள் ஏற்றுக்கொள்ள மாட்டோம்' என்று பொருள். சங்ககால வடிவம் இந்தக் கடற்கரையில் இன்னும் உயிரோடு இருப்பது வியப்புக்குரியது!" கைதட்டினார்கள். உளவியல் அம்மா எழுந்தார். ஒருத்திகூட 'நான்' என்று சொல்லாமல் எல்லாரும் 'நாங்கள்' என்று மறுப்பது கூட்டு வெறுப்பின் அடையாளம் என்றார். எரிச்சல், முகத்தைத் திருப்புதல் எல்லாம் அதற்குச் சான்று என்றார். கல்வியியல்காரர் அதிகம் பேசவில்லை. "ஆசிரியர் முற்றிலும் தோல்வி" என்று முடித்தார்.

திரும்பிப் பார்த்தேன். மைனி சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

எழுந்து நின்றேன். "ஐயா, கொள்ளாம்னா நல்லா இருக்குன்னு அர்த்தம்."

"ஆதாரம்?"

"எங்க ஊர்ல எல்லாரும் அப்படித்தான் சொல்வோம்."

"நூல் ஆதாரம் கேட்டேன்."

"நூல் இல்லை ஐயா. ஊர்தான் இருக்கு."

ஐயா சிரித்தார். முன்வரிசையும் சிரித்தது. எனக்கு ரத்தம் தலைக்கேறியது. "எங்க மைனி எப்படிச் சொல்லிக் குடுக்காண்ணு எனக்குத் தெரியாதா?" என்று கத்தினேன்.

கல்வியியல்காரர் மெதுவாகக் கேட்டார். "யார் உங்கள் மைனி?"

பின்வரிசையில் மைனி தலையில் கை வைத்துக் குனிந்தது எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

அப்புறம் அவர்களுக்கு வேலை சுலபம். கொள்ளாம் என்பது கெட்டது என்றால், வகுப்பு மோசம். நல்லது என்றால், சொந்தக்காரி சேகரித்த தரவு, செல்லாது. எப்படிப் பார்த்தாலும் வகுப்பு இல்லை. என்னையும் அன்றே அனுப்பிவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. வேறு அம்மாக்களிடம், வேறு ஆளை வைத்து, இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். ஒரு பஸ் ஏறினால் ஊர் வந்துவிடும். ஒருத்தரும் ஏறவில்லை.

மறுநாள் ஜெசிந்தாக்கா நாலைந்து பெண்களோடு வீட்டுக்கு வந்தார். இரண்டாவது மகளை அந்த வருடம் வகுப்பில் சேர்க்க இருந்தார்.

"ஏட்டி, நாங்க கொள்ளாம்ணுதானே சொன்னோம்? பின்ன ஏன் நிறுத்துனாவ?"

நான் எதிர்மறை வினைமுற்றை விளக்கினேன். அவர் முழுவதும் கேட்டார்.

"இதுக்கா இவ்வளவு படிச்ச?" என்று கேட்டுவிட்டுப் போனார். அந்த இரண்டாவது மகள் இப்போது கம்பெனியில் இறால் உரிக்கிறாள்.

மைனி நாகர்கோவிலில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டுகிறாள். நாள் முழுக்க நிற்க வேண்டும். கால் வீங்கித்தான் வீட்டுக்கு வருவாள்.

கொஞ்ச வருடம் கழித்து எனக்கு ஒரு கவர் வந்தது. தமிழ் ஐயா அனுப்பியது. குமரி மாவட்டத்தில் 'கொள்ளாம்' என்ற சொல்லுக்கு 'நன்று' என்ற பொருள் இருப்பதைக் கண்டுபிடித்து அவர் எழுதிய கட்டுரை. அடிக்குறிப்பில் எனக்கு நன்றி, நான் 'தகவலாளி'யாம். நூல் ஆதாரம் கடைசியில் வந்து சேர்ந்துவிட்டது. கட்டுரை எப்படி என்று எழுதும்படி கேட்டிருந்தார். ஒரே வார்த்தையில் எழுதி அனுப்பினேன்.

"கொள்ளாம்."

அதைக் கேட்டு அண்ணன் உருண்டு உருண்டு சிரித்தான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் கொள்ளாம் என்று சும்மா சொல்லிவிட முடியாது. கறி கொள்ளாம் என்றால் உடனே கேள்வி வரும்: "ஐயாவுக்க கொள்ளாமா, நம்ம கொள்ளாமா?" விருந்தாளிக்குப் புரியாது. அண்ணன் முதலிலிருந்து கதை சொல்வான். நான் கத்திய இடத்தை எழுந்து நின்று நடித்துக் காட்டுவான். மைனிதான் எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரிப்பாள்.

ராத்திரி அவள் வெந்நீரில் கால் வைத்து உட்கார்ந்திருக்கும்போது, "இன்னைக்கு வேலை எப்படி மைனி?" என்று கேட்பேன்.

"கொள்ளாம்" என்பாள்.

எந்தக் கொள்ளாம் என்று நான் கேட்டதில்லை.