ஏலேலோ வகுப்பு

பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்த கல்வி அதிகாரி ஒன்பது மணிக்கே வாசலில் நின்றார். ஷிஃபானா இன்னும் வீட்டை ஒதுக்கி முடிக்கவில்லை. மகள் ஸல்ஹாவின் இரண்டு கைகளிலும் முழங்கை வரை படம் தீட்டிய பீட்றூட் சிவப்பு.

“வாங்க சேர், இரிங்க,” என்று கதிரையை இழுத்துப் போட்டாள்.

தலையை மட்டும் ஆட்டிவிட்டு அவர் உட்கார்ந்தார். மஞ்சள் கரைத்து ‘கதிரை’ என்று எழுதிய அட்டையை ஸல்ஹா அந்தக் கதிரையில்தான் காயப்போட்டிருந்தாள் என்பது அதற்குப் பிறகே ஷிஃபானாவுக்கு ஞாபகம் வந்தது.

எட்டு வயது ஸல்ஹாவுக்குத் திக்குவாய். பள்ளிக்கூடத்தில் முடியாது என்பதற்கு “ஏலாது” என்று சொல்லப்போனால் “ஏ… ஏ… ஏ…” என்று நின்றுவிடும். வகுப்பே சேர்ந்து ‘ஏ’ போட்டது. பிள்ளை பேச்சையே நிறுத்திவிட்டாள். பெற்ற வயிறு பொறுக்குமா? ஷிஃபானா அவளை வீட்டிலேயே வைத்துப் படிப்பித்தாள்.

ஒருநாள் பிள்ளை ‘ஏ’யில் திணறியபோது, கரைவலை இழுக்கிற அவளுடைய வாப்பா ரிஷாத் “லேலோ!” என்று, மீனவர்கள் வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டை எடுத்துக் கொடுத்தான். பிள்ளை மடமடவென்று பாடிக்கொண்டே கதைத்தாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் வாய்ப்பாடுகூட வலை இழுக்கும் மெட்டில்தான்.

வீட்டுப் படிப்பைப் பார்வையிட வந்திருக்கும் இந்த அதிகாரி ‘அனுமதி இல்லை’ என்று எழுதிவிட்டால், ஸல்ஹா திரும்ப அதே வகுப்புக்குத்தான் போகவேண்டும்.

“சேர், கொஞ்சம் எழும்புறீங்களா?”

எழும்பினார். வெள்ளைக் காற்சட்டையின் பின்பக்கம் ‘கதிரை’ இடம் வலம் மாறிப் பதிந்திருந்தது. பதறிப்போய்த் துடைக்கத் துணி கொடுத்தாள். அது ஸல்ஹா கை துடைத்த துணி. மஞ்சளோடு சிவப்பும் சேர்ந்தது.

சமாளிப்பதற்காக, மேசையில் வரிசையாக இருந்த கிளாஸ்களில் ஒன்றை எடுத்து நீட்டினாள். அவர் ஒரே மூச்சில் குடித்துவிட்டார். ஸல்ஹாவின் முகம் சுருங்கியது. கரண்டியால் தட்டி வாசிக்க, அளந்து அளந்து தண்ணீர் ஊற்றிவைத்த கிளாஸ்கள் அவை. அதிகாரி குடித்தது ‘க’ என்ற சுரம்.

இத்தனைக்கும் மனிதர் வாயைத் திறக்கவில்லை. நாலு ஏச்சு ஏசியிருந்தால்கூட ஷிஃபானாவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவரோ படிவத்தில் ஓர் இடத்தைப் பேனாவால் தட்டிக் காட்டினார்: ‘வாய்மொழித் திறன்’.

“அவ எழுதிக் காட்டினாப் போதுமா சேர்?”

இல்லை என்று தலையாட்டினார்.

பாட்டாகப் பதில் சொல்கிற பிள்ளையை எந்த அதிகாரி ஏற்றுக்கொள்வார்? “மகள், பாடாம சும்மா கதைங்க,” என்று ஷிஃபானா அவள் காதில் சொன்னாள்.

“என்ட பே… பே… ஏ… ஏ…”

ஸல்ஹாவின் கண்கள் நிறைந்தன. அவள் வாயை வகுப்பில் அடைத்தது போதாதென்று நானும் அடைக்கிறேனே என்று ஷிஃபானாவுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. ஆவது ஆகட்டும். கரண்டியை எடுத்துக் கிளாஸைத் தட்டினாள்.

“பாடுங்க மகள்!”

“என்ட பேரு ஸல்ஹா ஏலேலோ! எட்டு வயசு ஏலேலோ! எங்கட ‘க’வைக் குடிச்சீங்க ஏலேலோ!”

அதிகாரி பேனாவை மூடினார். எல்லாம் முடிந்தது என்று ஷிஃபானா நினைத்தாள்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கையிலிருந்த கரண்டியை வாங்கினார். வந்ததிலிருந்து முதல்தடவையாக வாயைத் திறந்து, “எ… எ… எ…” என்று திக்கியவர், மேசையில் தட்டித் தாளம் பிடித்துப் பாடினார்.

“எனக்கும் கதைக்க ஏலாது ஏலேலோ… பிள்ளை வீட்டிலயே படிக்கட்டும் ஏலேலோ!”