தவழ்நிலை குலையும் நேரம்

குழந்தை நடக்க மறுத்தது. மறுநாள் கூட்டம்.

ஆராய்ச்சியாளர் தரையில் குப்புறப் படுத்துக் கேமரா வழியாக மகளைப் பார்த்தார். மகள் தவழ்ந்து வந்து கேமராவை நக்கினாள்.

"செல்லக்குட்டி, எழுந்திரும்மா. ஒரே ஒரு அடி."

மூளை ஒருநாள் உத்தரவு போடுவதால் குழந்தை நடப்பதில்லை என்பது அவர் கட்சி. காலின் பலம், உடம்பின் எடை, தரை, ஆசை எல்லாம் சேர்ந்து ஆடும் ஆட்டம் அது. தவழும் குழந்தை, குழியில் விழுந்த கோலிக்குண்டு மாதிரி. எவ்வளவு தட்டினாலும் திரும்ப வந்து அங்கேயே உட்காரும். ஒருநாள் ஏதோ ஒன்று லேசாக மாறும். குழி மேடாகும். குண்டு உருண்டு அடுத்த குழியில் போய் விழும். அந்தக் கணத்தைப் படம்பிடித்துக் கணக்குப் போட வேண்டும்.

ஆய்வுக்கு எடுத்த குழந்தைகள் எல்லாம் கேமரா இல்லாத நேரம் பார்த்து நடந்துவிட்டன. ஒன்று கடையில். ஒன்று மாமா வீட்டில். மிச்சம் இருந்தது சொந்த மகள். நாளைய கூட்டத்தில் காட்டப் படம் இல்லையென்றால் ஆய்வை இழுத்து மூடிவிடுவதாக இயக்குநர் சொல்லியிருந்தார்.

மனைவி பல் மருத்துவர். காலையில் கிளம்பும்போதே சொன்னாள்: "அவளை விட்டுடுங்க. பல்லு முளைக்கிறப்போ நான் என்ன, ஈறு முன்னாடி உக்காந்து மிரட்டினேனா?"

"இது பல்லு இல்லம்மா. பல விஷயம் சேர்ந்த அமைப்பு. ஒண்ணை மாத்தினா போதும், குண்டு உருண்டுடும்."

"யாரு உருளுறாங்கன்னு பார்ப்போம்."

முதலில் தரையை மாற்றினார். வீட்டிலுள்ள சொரசொரப்பான கால்மிதிகளை எல்லாம் கூடத்தில் விரித்தார். மகள் முட்டியை வைத்துப் பார்த்தாள். பிடிக்கவில்லை. உட்கார்ந்தவாக்கில் பின்புறத்தால் நகர ஆரம்பித்தாள். அதுவரை அவளுக்கு அந்த வித்தை தெரியாது. இருந்த ஒரு குழி இரண்டாகிவிட்டது.

அடுத்து ஆசை. பொம்மை முயலை சோபாவின் உச்சியில் வைத்தார். மகள் சோபா விரிப்பைப் பிடித்து இழுத்தாள். விரிப்பும் முயலும் அவருடைய காபியும் சேர்ந்து இறங்கின. முயல் கைக்கு வந்த பிறகு எழுந்து நிற்க அவளுக்கு ஒரு காரணமும் இல்லை.

பிடிமானம்தான் கோளாறு என்று முடிவுகட்டினார். சோபா, மேசை, நாற்காலி எல்லாவற்றையும் வெளி நடைக்குத் தள்ளினார். மேசைக்கால் குறுக்கே நின்றதால் கதவைச் சாத்த முடியவில்லை. வெறும் கூடத்தில் மகள் மல்லாந்து படுத்துக் கூரையைப் பார்த்தாள். இப்போது தவழ்வதும் நின்றுபோனது.

மனைவிக்குப் போன் செய்தார்.

"கூடத்தைக் காலி பண்ணிட்டேன்."

"எதுக்கு? வீடு மாறுறோமா?"

"பிடிமானம் போனா பழைய நிலை குலையும்."

"இங்க ஒருத்தர் வாயைத் திறந்து வெச்சுக்கிட்டு உங்க ஆராய்ச்சியைக் கேட்டுக்கிட்டிருக்காரு. போனை வைங்க."

போனை வெளியே கிடந்த சோபாவில் எறிந்தார். மிஞ்சியது ஒன்றுதான். செய்துகாட்டுவது. கேமராவைத் தன் பக்கம் திருப்பி வைத்தார். தவழ்ந்தார். கையை ஊன்றினார். மெல்ல எழுந்தார். மகள் கை தட்டினாள். உற்சாகமாக மறுபடி செய்தார்.

பாதியில் இடுப்பில் 'டக்' என்றது.

மேலே போக முடியவில்லை. கீழேயும் போக முடியவில்லை. நாலு காலில் நின்றார். இவ்வளவு அசைக்க முடியாத ஒரு நிலையை அவர் ஆய்வுக்கூடத்தில்கூடப் பார்த்ததில்லை.

"யாராவது வாங்களேன்!"

எதிர்வீட்டில் தையல் மிஷின் கடகடத்தது.

மகள் குனிந்து அவர் முகத்தைப் பார்த்தாள். "ப்பா?"

"அப்பாவுக்கு ஒண்ணுமில்லடா."

அவள் அவர் பார்வையிலிருந்து விலகினாள். கழுத்தைத் திருப்பவும் வழியில்லை. மறுபடி கத்தினார். மறுபடி. ஒருவழியாக மிஷின் நின்றது. நூல் துணுக்குகள் ஒட்டிய இரண்டு பாதங்கள் அவர் கண் முன் வந்து நின்றன. எதிர்வீட்டுத் தையல்காரர்.

"என்ன சார், பாப்பாவுக்கு யானையா?"

"இடுப்பு பிடிச்சுக்கிச்சு. அவ எங்க?"

"இதோ, என் இடுப்புல."

தையல்காரர் குழந்தையை இறக்கிவிட்டு, அவரைப் பிடித்து மெல்ல ஒருக்களித்துப் படுக்க வைத்தார். மகள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் காதைத் திருகினாள். கேமரா இன்னும் அவரையே படம்பிடித்துக்கொண்டிருந்தது.

ஆராய்ச்சியாளர் படுத்தபடியே தையல்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லவேளை, நான் கத்தினது உங்களுக்குக் கேட்டுச்சு. ஆனா இத்தனை வருஷ உழைப்பும் போச்சுங்க. இன்னிக்கு இவ ஒரே ஒரு அடி வெச்சிருந்தா போதும்."

"நீங்க கத்தினீங்களா?" என்றார் தையல்காரர். "மிஷின் ஓடுறப்போ எனக்கு ஒண்ணும் கேக்காது சார். பாப்பாதான் குடுகுடுன்னு நடந்து வந்து, என் கால்சட்டையைப் பிடிச்சு இழுத்து, 'ப்பா'ன்னு இந்தப் பக்கம் கையைக் காட்டுச்சு."