ரயில் கவிழ்த்த சொல்தா

ரயில் கவிழ வேண்டும் என்பதற்காகவே ரயில் விட்ட மனிதர் புதுச்சேரியில் ஒருவர்தான் உண்டு. மூலக்குளத்தில் என் தச்சுப் பட்டறைக்கு மேல்மாடியில் குடியிருக்கும் சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் அழைப்போம். அவர் சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கக் கூச்சம்.

நான் செய்து கொடுத்த மேசையில் அவருடைய மூன்று பொம்மை ரயில்கள் ஓடும். ஒன்று தடம் புரண்டு, சக்கரம் இரண்டு தண்டவாளத்தையும் சேர்த்துத் தொட்டால் ஷார்ட் சர்க்யூட். மூன்றும் நின்றுவிடும். முதலில் ஃபியூஸ் போட்டார். அது அடிக்கடி போனது. பட்டாளத்து மூளை சும்மா இருக்குமா? ஃபியூஸில் தடித்த கம்பியைச் சுற்றினார்.

"இப்ப எப்படிப் போவுதுன்னு பாத்துடறேன்!"

ஃபியூஸ் போகவில்லை. இஞ்சின் போனது. குபுகுபுவென்று புகை. சொல்தா கை தட்டினார்.

"பாருய்யா ஆசாரி, நெஜ ரயிலு மாதிரியே வுடுது!"

அவர் மனைவி கரண்டியோடு வந்தார். "இன்னொரு வாட்டி இந்த வீட்ல பொக வந்துச்சின்னா, எல்லாத்தயும் ஞாயித்துக்கெழம சந்தையில கூறு போட்டு வித்துடுவேன்."

செய்யக்கூடியவர்தான். சொல்தாவின் பட்டாளத்து பூட்ஸ் அங்கேதான் விலை போனது.

பாரிஸில் இருக்கும் மகன் புது இஞ்சினோடு ஒரு எலக்ட்ரானிக் பிரேக்கரும் அனுப்பினான். ஷார்ட் ஆனால் கண் இமைப்பதற்குள் கரண்டை நிறுத்தும். சரியானதும் தானே விடும். நல்ல சாமான். சொல்தாவுக்கோ கோபம்.

"தப்பு பண்ணவன நிக்க வெச்சி ரெண்டு கேள்வி கேக்க வாணாமா? தானே புடிக்குது, தானே வுட்டுடுது! இதுக்கா நான் பட்டாளத்துல காவல் நின்னேன்?"

கடைசியில் கார் பின்விளக்கு பல்புகளை வாங்கி, ஒவ்வொரு ரயில் பாதைக்கும் ஒன்றாகக் கரண்டு வரும் வழியில் கோத்தார். ஷார்ட் ஆனால் அந்தப் பாதையின் பல்பு மட்டும் எரியும். கரண்டு அதிலேயே அடங்கிவிடும். மற்ற ரயில்கள் ஓடும். நம்பிக்கை வர, என் திருகாணி, டீ ஸ்பூன், கேஸ் சிலிண்டர் கொண்டு வந்தவரின் சாவி என்று எல்லாவற்றையும் தண்டவாளத்தில் போட்டுப் பார்த்தார்.

ஒரு சனிக்கிழமை அந்த அம்மாவே அறைக்குள் வந்தார். "நகருங்க. பொகைஞ்சிதுன்னா நாளைக்கே சந்த."

கொண்டை ஊசியை உருவித் தண்டவாளத்தின் குறுக்கே வைத்தார். சொல்தா விறைப்பாக நின்றார். ஒரு பல்பு எரிந்தது. ஒரு ரயில் நின்றது. மற்ற இரண்டும் கவலையில்லாமல் போய்க்கொண்டிருந்தன. அம்மா மூக்கை உறிஞ்சி மோந்து பார்த்தார்.

"சரி. நாளைக்கி எனக்கு வேற வேல இருக்குது."

வாசலில் திரும்பி என்னிடம் சொன்னார்: "ஆசாரி, ஒங்க பட்டறைக்கும் ஒரு பல்பு இழுத்துக்கங்க. இவரு சேர்லயே தூங்கிடறாரு. எரிஞ்சா மேல வாங்க, காப்பி தரேன்."

அன்றிலிருந்து பல்பு எரிந்தால் உளியைக் கீழே வைத்துவிட்டு மாடி ஏறுவேன். ரயிலை நிமிர்த்துவோம், காபி குடிப்போம். அதிகம் பேசமாட்டோம்.

இந்த வாரம் பல்பு எரியவே இல்லை. ரயில்கள் ஒழுங்காக ஓடுகின்றன போலிருக்கிறது. சட்டைப் பையில் ஓர் ஆணியைப் போட்டுக்கொண்டு, இதோ, மேலே போகிறேன்.