கடைப் பக்கத்தில் ஏறிய வீட்டுப்பாடம்

என்னை விட்டால் திட்டுவதற்கு ஆளில்லாத என் அக்காவுக்கு, தங்கை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு என் முழங்காலைத் தவிர எல்லோரும் நலம். உன் முழங்காலின் நலமறிய ஆவல்.

முதலில் வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிய நான், ஐம்பத்திரண்டு வயதில் ஆங்கிலம் எழுதப் படிக்கிறேன். சிரித்து முடித்துவிட்டு மேலே படி. மருமகளுக்கு நம் பாஷை தெரியாது. நான் போனில் அரை மணி நேரம் பேசினால், மகன் அவளிடம் அதை "அம்மா நல்லா இருக்காங்களாம்" என்று முடித்துவிடுகிறான். அதனால் அவளுக்கு நானே, என் கையால், ஒரு கடிதம் எழுதவேண்டும். இது மகனுக்குக்கூடத் தெரியாது. நீயும் வாயைத் திறக்காதே.

எங்கள் ஆங்கில வகுப்புக்கு ஃபேஸ்புக்கில் ஒரு குழு இருக்கிறது. வேலையிடத்தில் பார்ப்பதைத் தினம் மூன்று வரி எழுதிப் போடுங்கள், கூடப் படிப்பவர்கள் திருத்துவார்கள் என்றார் டீச்சர். லாண்டரி வேலையில் நான் என்னத்தைப் பார்க்கிறேன்? இஸ்திரிப் பெட்டியிலிருந்து ஆவி எழும்பும். அதற்குள் வெள்ளைப் படுக்கைவிரிப்புகள் மேகமாய்த் தொங்கும். ஆளில்லாத சட்டைகள் மின்விசிறிக் காற்றில் கைவீசி எங்கோ கிளம்பும், எனக்கும் கூடவே போய்விடலாம் போலிருக்கும். அதையெல்லாம் எழுதினேன். 'பல் டாக்டர் சட்டையில் இரண்டு பொத்தான் இல்லை. வீட்டில் தனியாக இருக்கிறார் போல' என்றும் எழுதினேன். உடனே ஒருவர் என் பிழைகளைத் திருத்திவிட்டு, 'பொத்தான் மூன்று; மற்றது சரி' என்று போட்டார். பூனைப் படம் வைத்த ஒருத்தி தினமும் இதயம் போட்டு, 'சட்டைகள் இன்று எங்கே போயின?' என்று கேட்பாள். படிப்பில் இவ்வளவு அக்கறையா என்று நான் மிதந்துகொண்டிருந்தேன்.

ஒரு மாதம் கழித்து முதலாளி வந்து நின்றார்.

"என்னம்மா இது, கடையோட ஃபேஸ்புக் பக்கத்துல என்னத்த எழுதி வச்சிருக்க?"

"வீட்டுப்பாடம் முதலாளி."

"போன் கடையோடதும்மா! நீ போடுறதெல்லாம் லாண்டரி பேர்லதான் ஏறுது. ஊரே படிக்குது."

"ஐயோ, பல் டாக்டருமா?"

"அவருதாம்மா உனக்குத் திருத்துறாரு. இப்ப துணி போட வர்றவங்கல்லாம், என் சட்டையப் பத்தி எப்ப எழுதுவீங்கன்னு கேக்குறாங்க. நிறுத்தித் தொலைச்சிடாத."

இனி கவனமாக இருப்பேன். மருமகளுக்கான கடிதம் பாதி முடிந்துவிட்டது. கல்யாணத்தன்று அவளைப் பார்த்து, "பொண்ணு என்னடி ஒட்டடைக்குச்சி மாதிரி இருக்கா" என்று என் காதைக் கடித்தாயே, அதை எந்த மொழியிலும் எழுதமாட்டேன். பயப்படாதே.

அத்தானுக்கு வணக்கம், அவர் தொப்பைக்குத் தனி வணக்கம். நூறு வயதுவரை நீ என்னைத் திட்டவேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உன் தங்கை

பி.கு.: இந்தக் கடிதத்தை அதே கடை போனில் படமெடுத்து உனக்கு அனுப்பினேன். அது கடைப் பக்கத்தில் ஏறிவிட்டது. ஆகவே தபாலில் போடுகிறேன். பூனைப் படக்காரி நம் மருமகள்தானாம்; முதல் நாளிலிருந்தே படித்து வருகிறாளாம். அத்தை இன்று என்ன எழுதியிருக்கிறார் என்று அங்கேயே கேட்டாள். பல் டாக்டருக்கு நம் பாஷை தெரியும். பாவம், ஒரு வரி விடாமல் ஆங்கிலத்தில் போட்டுக் கொடுத்திருக்கிறார். ஒட்டடைக்குச்சிக்கு மட்டும் சொல் கிடைக்காமல் படம் வைத்திருக்கிறார். மருமகள் எல்லாவற்றுக்கும் இதயம் போட்டிருக்கிறாள், அந்தப் படத்தைத் தவிர.