தாழ்ப்பாள் பயிற்சி

தலைமையாசிரியர் வேலையைப் புத்தகம் படித்துக் கற்க முடியாது, நடப்பில் உள்ள ஒரு தலைமையாசிரியருடன் ஓராண்டு கூடவே இருந்துதான் கற்க வேண்டும் என்று கல்வித்துறை ஆழ்ந்து ஆராய்ந்து முடிவெடுத்தது. முடிவில் தப்பே இல்லை. அந்தப் பயிற்சிக்கு முதல் ஆளாகத் தேர்வானவள் என் மனைவி. அதனால்தான் எனக்கு இவ்வளவு விவரம், இவ்வளவு எரிச்சல்.

பதினேழு வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள் தலைமையாசிரியர் ஆக ஆசைப்பட்டதற்கு ஒரே காரணம்தான். அவள் பள்ளியில் பெண்கள் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அங்கேயே எட்டாவது படிக்கும் எங்கள் மகள், பள்ளி விடும்வரை தண்ணீரே குடிக்காமல் பழகிவிட்டாள்.

முதல் நாளே, அவளுக்கு வழிகாட்டியாக அமைந்த அதே பள்ளித் தலைமையாசிரியர் முன்னால் போய் நின்றாள்.

"சார், அந்தத் தாழ்ப்பாளை இன்னிக்கே போட்டுடலாமா?"

"அவசரப்படாதீங்க டீச்சர். முதல் மூணு மாசம் கவனிக்கணும்னு கையேட்டுல இருக்கு."

"கவனிச்சுட்டேன் சார். தாழ்ப்பாள் இல்ல."

"அது பார்த்தது. கவனிக்கிறது வேற."

மூன்று மாதம் கவனித்தாள். அடுத்த மூன்று மாதம் சிந்தித்தல். கழிப்பறைக்கு எதிரே நாற்காலி போட்டு, நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து சிந்தித்தாள். டீச்சர் உட்கார்ந்திருக்கும் பயத்தில் பிள்ளைகள் அந்தப் பக்கமே வரவில்லை. 'பிரச்சினை கணிசமாகக் குறைந்துள்ளது' என்று வழிகாட்டி அறிக்கை அனுப்பினார்.

ஏழாம் மாதம் பொறுமை போய், கைப்பையில் ஒரு தாழ்ப்பாளோடு வந்தாள். வழிகாட்டி பதறிப்போனார்.

"ஐயோ டீச்சர்! இதை நீங்க சரிபண்ணிட்டா, அடுத்த வருஷம் வர்றவங்க எதைக் கவனிப்பாங்க?"

நியாயமான கேள்விதான். துறைக்குத் தகவல் பறந்தது. அதிகாரி ஒருவர் நேரில் வந்து கதவில் பலகை மாட்டினார்: 'பயிற்சிச் சாதனம் எண் ஒன்று. பழுது பார்க்கக் கூடாது.' கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற சிறுமியைப் பார்த்ததும் அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"என்ன ஒரு பொறுப்புணர்ச்சி! இதுதான்யா தலைமைப் பண்பு!"

ஒரே வாரத்தில் ஆணை வந்தது. கதவு பிடிக்கும் மாணவியருக்குக் 'கதவுத் தலைவி' பட்டம், சிவப்பு பேட்ஜ். பள்ளி வாசலில் 'மாதிரிப் பள்ளி' என்று பெரிய போர்டு. தாழ்ப்பாள் இருந்த பள்ளிகளெல்லாம் அதைக் கழற்ற அனுமதி கேட்டு மனுப் போட்டன. சேர்க்கைக்கு வரிசை தெருமுனைவரை நின்றது.

எங்கள் மகளுக்கும் பேட்ஜ் கிடைத்தது. போட்டோ எடுத்து உறவுக்காரர் அத்தனை பேருக்கும் அனுப்பினேன். தண்ணீர் மட்டும் இன்னும் குடிப்பதில்லை. தலைவியாக இருப்பவளுக்கு உள்ளே போக நேரம் ஏது?

ஆண்டு முடிந்து தேர்வுக் குழு வந்தது.

"ஓராண்டில் என்ன கற்றீர்கள்?"

"நாலு திருகாணி போதும்னு கத்துக்கிட்டேன் சார்" என்று எழுந்து போனாள். ஐந்தே நிமிடத்தில் தாழ்ப்பாளை மாட்டிவிட்டாள். முடிவு அங்கேயே எழுதப்பட்டது: 'சாதனத்தைச் சேதப்படுத்தியமையால் தேர்ச்சி இல்லை.'

"போனா போகுது. பிள்ளைங்க நிம்மதியாப் போயிட்டு வரும்ல?" என்று என்னிடம் சிரித்தாள். பாவம், நானும் கூடச் சிரித்து வைத்தேன்.

இரண்டு நாள் கழித்துப் பெற்றோர் இருபது பேர் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். நன்றி சொல்ல வந்திருக்கிறார்கள் என்று அவசரமாகத் தலையைச் சரிசெய்துகொண்டு ஓடினாள்.

"டீச்சர், மாதிரிப் பள்ளி போர்டைக் கழட்டிட்டாங்க. பிள்ளைங்க பேட்ஜையும் வாங்கிட்டாங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும், அந்தத் தாழ்ப்பாளை எடுத்துடுங்க" என்று ஒரு மனுவை நீட்டினார்கள்.

ஒரு வரி விடாமல் படித்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது. இரண்டாவது, பதவி இழந்த எங்கள் வீட்டுக் கதவுத் தலைவியுடையது.