கார்புரேட்டர் வதைப் படலம்

கேளுங்கள்! முத்தையாபுரம் மூன்றாம் தெருவின் முடிசூடா மன்னனும், துறைமுகத்துச் சரக்குச் சீட்டுகளில் முத்திரை குத்திக் குத்தியே விரல்நுனி நீலம்பாரித்த வித்தகனும், எந்த மெக்கானிக்கையும் தன் வாசற்படி ஏறவிடாத மானமறவனுமாகிய ஜேசுபாதம், ஒரு சனிக்கிழமை காலை எட்டு மணிக்குச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, பத்தாம் நம்பர் ஸ்பேனரை உருவிப் போர்க்களம் புகுந்த வரலாற்றைப் பாடப்போகிறேன். ஸ்பேனரே, எண்ணெய்மேனி எழிலே, என் நாவில் வந்து நில்! சொல் வழுக்கினாலும் பரவாயில்லை, நட்டு வழுக்காமல் பார்த்துக்கொள்.

போர் மண்ணுக்கும் அல்ல, பொன்னுக்கும் அல்ல. இருபத்தாறு வயதான ஒரு மோட்டார் சைக்கிளின் உயிருக்கு. முந்தின ஞாயிறு, நாசரேத்தில் தேவாலய விருந்தான அசனச் சாப்பாட்டுக்குப் புறப்பட்ட அந்த இரும்புப் புரவி நடுவழியில் மூன்று இடத்தில் மூர்ச்சையாகி நின்றது. பட்டுடுத்த பாவையாம் விஜிலா, நம் தலைவனின் மனையாட்டி, கொண்டையில் மல்லிகை குலுங்க அதைப் பின்னாலிருந்து தள்ளினாள். அவளுடைய அண்ணன் குடும்பமோ புதுக் காரில் கைகாட்டிக்கொண்டே கடந்து போனது. அன்று அவளுக்கு மூண்ட சினம் ஆறு நாள் கொதித்து, சனிக்கிழமை காலை ஆணையாகப் பொங்கி வழிந்தது.

"பன்னெண்டு மணிக்குள்ள துறைமுகக் கேட்டு வரைக்கும் போயிட்டு, தள்ளாம, உக்காந்த மேனிக்குத் திரும்பி வரணும். வந்தா வண்டி இருக்கட்டும். இல்லன்னா அய்யாக்குட்டிட்ட எடைக்குப் போட்டுருவேன், பாத்துக்கிடுங்க!"

அய்யாக்குட்டி பழைய இரும்பு வியாபாரி. ஊரார் குட்டியானை என்றழைக்கும் சின்ன லாரியில் சாக்கும் கயிறுமாக வந்து வேப்பமர நிழலில் இறங்கியவன், ஆடு வாங்க வந்தவனைப் போல வண்டியை மேலும் கீழும் பார்த்தான். அந்த வண்டியில் ஏறித்தான் ஜேசுபாதம் விஜிலாவைப் பெண் பார்க்கப் போனான்; அன்று அவள் நிமிர்ந்து பார்த்தது முதலில் வண்டியைத்தான் என்பது அவனுடைய நெடுநாள் சந்தேகம். அது நிற்காத வாசலை அவனால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

"ஏலே அய்யாக்குட்டி! இந்த வண்டில இருந்து ஒத்த வாஷர் உன் சாக்குல விழுந்தா நான் ஜேசுபாதம் இல்லலே!" என்று முழங்கினான்.

"சரி அண்ணாச்சி, நா இங்கனதான் இருக்கேன்" என்று அய்யாக்குட்டி பீடி பற்றவைத்தான்.

முதல் படையெடுப்பு. கழுத்துவரை பெட்ரோல் பருகிய புரவி ஒரே உதையில் உறுமி எழுந்தது; தெருநாய்கள் சிதற, கோழிகள் பதற, இரண்டு கிலோமீட்டர் பறந்தது; உப்பளத்து வளைவில் இருமியது, விக்கியது, படுத்துவிட்டது. பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க இறங்கினான் தலைவன். பார்ப்பதும் எளிதன்று. உப்புக்காற்றும் நிலக்கரித் தூளும் எதையும் விட்டுவைக்காத ஊரில், அவன் வீட்டு ரிமோட்டும் கடிகாரமும் பிளாஸ்டிக் கவருக்குள்ளேயே வாழ்ந்தன. இரண்டு வாரத்துக்கு முன் அந்த யோகம் டாங்க் மூடிக்கும் வாய்த்து, ஜவுளிக்கடைக் கவரால் போர்த்தி, ட்யூப் ரப்பரால் மும்முறை இறுக்கப்பட்டிருந்தது. அதை அவிழ்த்து மூடியைத் திறந்தான். உஸ் என்றது. உள்ளே பெட்ரோல் தளதளவென்று நின்றது. பயபக்தியோடு மறுபடி மூடிக் கட்டி உதைத்தால், அட, கிளம்பிவிட்டது! வீட்டை நோக்கித் திருப்பினான். டீக்கடை முன்னால் மீண்டும் படுத்தது. டீக்கடையே வேடிக்கை பார்க்கத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"கார்புரேட்டர்தான்! அந்தப் பாவியத்தான் இன்னைக்கு முடிக்கணும்!"

ஐயோ, அந்த அப்பாவிக் கார்புரேட்டர் பட்ட பாட்டை என்னவென்று சொல்வேன்! பிடுங்கினான், பிரித்தான், மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் முக்கினான். ஜெட் என்னும் பித்தளைத் திருகாணியின் மயிர்க்கண் அளவேயான துளையில் மெல்லிய செம்புக்கம்பியை விட்டுக் குடைந்தான். கன்னம் பலூனாக ஊதினான். மிதவையைக் குலுக்கிக் காதோடு வைத்துக் கேட்டான். கைநழுவிக் கிண்ணத்தின் அடியில் விழுந்த ஜெட்டை, முத்துக்குளிப்பவன் மூச்சடக்குவது போல மூச்சைப் பிடித்துக்கொண்டு துழாவி எடுத்தான். பிளக்கையும் விடவில்லை, உப்புத்தாளால் தேய்த்துப் பல் பளபளக்க வைத்தான். மணி பதினொன்று ஆயிற்று.

இரண்டாம் படையெடுப்பு அதே உப்பளத்து வளைவில், அதே குட்டிச்சுவருக்கு நேரே முடிந்தது. இம்முறை டாங்க் மூடியைத் திறக்கவும் மனமில்லாமல், பெட்ரோல் குழாயை அடைத்துவிட்டு, உச்சிவெயிலில் வீடுவரை தள்ளினான். அய்யாக்குட்டி எழுந்து கயிற்றைப் பிரித்தான். தலைவன் கடைசியாக ஒருமுறை கவரை அவிழ்த்து மூடியைத் திறந்தான்.

உஸ்ஸ்ஸ்.

வாசலில் எண்ணெய் டின்னை ஆணியால் குத்திக்கொண்டிருந்த விஜிலாவின் கை நின்றது.

"அது என்னங்க சத்தம்?"

"வண்டி பெருமூச்சு விடுதுளா. அதுக்கும் தெரிஞ்சி போச்சி."

"மூச்சு விடல. உள்ள இழுக்குது! டின்னுல ஒத்த ஓட்டை போட்டா எண்ணெ ஒழுங்கா வருமா? காத்துக்கு இன்னொரு ஓட்டை வேணும்லா? மூடியில இருக்க ஓட்டைய நீங்க கவரப் போட்டு அடைச்சி வச்சிருக்கிய. அப்புறம் பெட்ரோல் எப்படி எறங்கும்?"

ஜேசுபாதம் மூடியைப் பார்த்தான். மூடியின் நடுவே குண்டூசி முனையளவு ஓட்டை அவனைப் பார்த்தது. கவரைக் கழற்றி வீசினான்.

மூன்றாம் படையெடுப்பு! உதைத்தான், உறுமியது! உப்பளத்து வளைவு வந்தது, போனது! குட்டிச்சுவர் வாய்பிளந்து நிற்க, டீக்கடை எழுந்து நிற்க, கண்டெய்னர் லாரிகளின் நெடும்படையை இடமும் வலமுமாகப் பிளந்து, துறைமுகக் கேட்டைத் தொட்டு வணங்கித் திரும்பி, பன்னிரண்டு அடிக்க இரண்டு நிமிடம் இருக்கையில், உக்காந்த மேனிக்கு, தள்ளாமல், மூன்றாம் தெருவுக்குள் நுழைந்தான் வெற்றித் திருமகன்!

"கார்புரேட்டரக் கழத்திப் பூட்டுனவொடனே எப்படி ஓடுது பாத்தியாலே!" என்று திக்கெட்டும் அதிர அறைகூவினான். விஜிலா சிரிப்பை அடக்கிக்கொண்டு, எண்ணெய்க் கையை முந்தானையில் துடைத்து, பின்னால் ஏறி உட்கார்ந்தாள். "போங்க, இன்னொரு ரவுண்டு." புகை எழுந்து வேப்பமரத்தை மறைத்தது, வெற்றிமுரசென இன்ஜின் முழங்கியது, வானோர் பூமாரி பொழிய வாய்ப்பிருந்தும் நிலக்கரித் தூளே பொழிந்தது.

அய்யாக்குட்டி கீழே கிடந்த கவரை மட்டும் எடுத்துச் சாக்கில் போட்டுக்கொண்டு போனான்.